எனக்காக ஒரு வார்த்தை

“நான் என்ன குறை வச்சேன் சாமி?” என்று கேட்டார் குலசேகரன்.

தாயம்மை சாமி அன்னதானத்துக்குச் சமைத்த அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். மடம் என்றதும் கோபுரம், யானை என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக்கூரை போட்ட ஒரு கூடம், பின்னால் ஒரு கிணறு, வருகிறவர்களுக்கு ஒருவேளைச் சோறு. அவ்வளவுதான். சாமிக்கு வயது நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கலாம். குலசேகரனுக்கு ஐம்பத்தொன்று. தன்னைவிடச் சின்ன ஒரு பெண்ணின் காலில் போய் விழுகிறாரே மனுஷன் என்று கடைவீதியில் கேலி பேசினார்கள். குலசேகரன் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. பெண்களை மதிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய எண்ணம்.

“குடுங்க சாமி. நீங்க போய் இதையெல்லாம் செஞ்சுக்கிட்டு” என்று அண்டாவைப் பிடுங்கிக்கொண்டார்.

சாமி கையைக் கழுவிவிட்டு எட்ட உட்கார்ந்தார்.

குலசேகரனுக்கு இராஜபாளையத்தில் மோட்டார் பம்பு கடை. மனைவி அரசி, முழுப்பெயர் மங்கையர்க்கரசி, கால்நடை மருத்துவர். மூன்று மாதமாக அவர் வீட்டில் இல்லை. இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஏன் இல்லை என்பதுதான் குலசேகரனுக்கு விளங்கவில்லை.

“ஒரு தண்ணி கேனைத் தூக்க விட்டிருப்பேனா? ஹோட்டலுக்குப் போனா, அவளுக்கு என்ன வேணும்னு நானே சொல்லிருவேன். அவ வாயைத் திறக்கவே வேண்டாம். கார்ல ஏறணும்னா கதவைத் திறந்து விடுறது நான்தான்.”

“எங்க போகணும்னு கேப்பீங்களா?”

“அது எதுக்கு சாமி? நான்தானே ஓட்டுறேன்.”

சாமி தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட மாதிரியும் இருந்தது, ஒப்புக்கொள்ளாத மாதிரியும் இருந்தது.

“ஆஸ்பத்திரியில அவங்க என்ன தூக்குவாங்க?”

“அங்கயா? கன்னுக்குட்டியைத் தூக்குவா. காளைக்குக் கயிறு போட்டுச் சாய்ப்பா. அவ கைக்குத் திமிருற மாடும் அடங்கிரும்.” குலசேகரனின் குரலில் பெருமை வழிந்தது.

“அங்க யாரு கதவு திறந்து விடுறது?”

“அது வேலை சாமி. இது வீடு.”

சாமி மேலே கேட்கவில்லை. அண்டாவின் ஓரத்தில் ஒட்டியிருந்த ரசத்தைக் குலசேகரன் சுரண்டிக்கொண்டிருந்தார். நின்றால் சாமி வேறு ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்தவர்போல வேகமாகச் சுரண்டினார்.

கேட்டுத்தான் விட்டார். “பிறகு ஏன் போனாங்க?”

“ஒண்ணுமில்லாத விஷயம் சாமி. பெரிய ஆபீசர் வீட்டுக்குப் போன் பண்ணினார். அவ குளிச்சுக்கிட்டிருந்தா. பதவி உயர்வு வந்திருக்கு, வெளி மாவட்டம், சம்மதமான்னு கேட்டார். அவளால அவ்வளவு தூரம் முடியாதுங்க, மூட்டு வலி, வீட்டையும் பாக்கணும், பேரை எடுத்துடுங்கன்னு சொன்னேன். தன்மையாத்தான் சொன்னேன். ஒரு கடுஞ்சொல் கிடையாது.”

“அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“வீணா மனசைப் போட்டு அலட்டிக்குவாளேன்னு சொல்லலை.”

இப்படிப்பட்ட விஷயம் எத்தனை நாள் மூடிக் கிடக்கும்? கூட வேலை பார்க்கும் ஒருவர் பதவி கைநழுவியதற்குத் துக்கம் விசாரித்தபோது அரசிக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே கிளம்பிப் போய் அந்த அதிகாரியை நேரில் பார்த்தார். போன பதவியைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் பெட்டியை எடுத்துவிட்டார்.

“அந்தப் பெட்டியையும் நான்தான் சாமி பஸ்ல ஏத்தி விட்டேன். கனமா இருந்துச்சு.”

சாமிக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கவில்லை.

குலசேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்டாவைக் கீழே வைத்துவிட்டார்.

“நேத்து போன் பண்ணினா. ஞாயித்துக்கிழமை வாங்க, பேசி முடிச்சுக்கலாம்னா. முடிச்சுக்கலாம்னா என்ன சாமி அர்த்தம்? சாயங்காலம் கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போகவே பிடிக்கலை. அவ இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியலை.”

கண் கலங்கியதை அவர் துடைக்கவில்லை. கையெல்லாம் கரியாக இருந்தது.

“காலம் மாறிப்போச்சு சாமி. இப்ப இருக்கிற பொம்பளைங்களுக்கு மரியாதை பண்ணினாலும் குத்தம், பண்ணாட்டாலும் குத்தம். நான் பேசினா சண்டையில போய் முடியுது. நீங்க வந்து எனக்காக ஒரு வார்த்தை பேசணும். நீங்க சொன்னா அவ தட்ட மாட்டா.”

“நான் பேசணுமா?”

“ஆமா சாமி.”

“உங்களுக்காக?”

“எனக்காக.”

சாமி எழுந்து வந்து அண்டாவுக்குள் விரலை ஓட்டிப் பார்த்தார். உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து துலக்க ஆரம்பித்தார்.

“பேசுறேன்” என்றார்.

கார் வேண்டாம் என்று சாமி சொல்லிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறினார்கள். குலசேகரன் சாமியின் துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ஜன்னல் ஓரத்து இருக்கையைத் துண்டால் தட்டிக் கொடுத்தார். வெயில் அடிக்குமே என்று ஜன்னலையும் இழுத்துச் சாத்தினார். சாமி வழியெல்லாம் ஜன்னல் தகரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நடுவில் ஓர் ஊரில் பஸ் நின்றது. குலசேகரன் இறங்கி ஓடினார்.

“சாமிக்கு ஒரு பால். சர்க்கரை வேண்டாம்.”

சாமியும் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டார். தம்ளரைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“எனக்குப் பால் பிடிக்கும்னு யார் சொன்னது?”

“சாமிங்க பால்தானே குடிப்பாங்க?”

சாமி அந்தத் தம்ளரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கடைக்காரரிடம் திரும்பினார். “ஸ்ட்ராங்கா ஒரு டீ போடுங்கண்ணே. சர்க்கரை தூக்கலா.”

குலசேகரன் பாலைக் குடித்துத் தீர்த்தார். அவருக்குப் பால் ஆகாது.

அரசி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே இருந்தது. ஞாயிறு அரைநாள்தான். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மூடியிருக்க வேண்டும். ஆனால் பின்பக்கக் கொட்டகையில் ஒரு பசு வலியில் முக்கிக்கொண்டு கிடந்தது. மாட்டுக்காரர் வீரணன் அதன் வாலைப் பிடித்திருந்தார். அரசி தரையில் ஒரு முழங்காலை ஊன்றித் தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தார். கன்றின் தலை மடங்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது.

குலசேகரனுக்குப் பதறியது. பையைப் போட்டுவிட்டு ஓடினார்.

“அரசி, முழங்காலை ஊனாதே! எந்திரி. உதவிக்கு ஆள் இல்லையா? நான் போய் யாரையாவது...”

“தள்ளி நில்லுங்க.”

அரசி குரலை உயர்த்தவில்லை. குலசேகரன் தள்ளி நின்றார். இன்ன இடத்தில் இழுக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மோட்டார் பம்பைக் கழற்றிய அனுபவத்தில் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

கடைசியில் கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. வீரணன் அதன் மூக்கைத் துடைத்தார். பசு திரும்பி அதை நக்கத் தொடங்கியது. அரசி வாளியருகே போய்க் கையில் சோப்பைப் போட்டுக்கொண்டார்.

“சொல்லுங்க” என்றார்.

குலசேகரன் தொண்டையைச் செருமினார். சாமியைப் பார்த்தார்.

சாமி முன்னால் வந்து கைகூப்பினார்.

“இவருக்காக நான் பேச வந்தேன்மா.”

“பேசுங்க.”

சாமி மிகவும் தன்மையாகப் பேசினார்.

“இவரால இவ்வளவு தூரம் வந்து போக முடியாதும்மா. மூட்டு வலி. கடையையும் பாக்கணும். உங்களை மாதிரி ஒருத்தங்களோட குடும்பம் நடத்துறது இவர் உடம்புக்கு ஒத்துக்காது. அதனால இந்தக் கல்யாணம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். இவர் பேரை எடுத்துடுங்க.”

குலசேகரன் சாமியை வெறித்துப் பார்த்தார்.

“சாமி?”

“நீங்க சும்மா இருங்க. வீணா மனசைப் போட்டு அலட்டிக்குவீங்க.” சாமி அரசியிடம் திரும்பினார். “இவர் நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. அப்ப நாங்க வரட்டுமா?”

“யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?”

குலசேகரன் கத்திவிட்டார். குருவிடம் அவர் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை.

“என் வாழ்க்கை சாமி இது! எனக்கு வாய் இல்லையா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

வீரணன் வைக்கோலும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். அரசியின் கையிலிருந்த சோப்பு வாளிக்குள் விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை. கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமி கீழே கிடந்த துணிப்பையை எடுத்துத் தட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

குலசேகரன் கூப்பிட வாயெடுத்தார். கூப்பிடவில்லை. தான் கத்திய வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவருக்குத் திரும்பக் கேட்டன. அங்கிருந்த முளைக்கம்பைப் பிடித்துக்கொண்டார்.

அரசி குனிந்து சோப்பைத் தேடி எடுத்தார். மற்றக் கையைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார்.

“அரசி.”

“ம்.”

“நான்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். வழியெல்லாம் யோசித்துக் கொண்டுவந்திருந்த நியாயங்கள் எதுவும் வாய்க்கு வரவில்லை.

“நான் இருக்கவா, போகவா? நீ என்ன நினைக்கிறே?”

அரசி தண்ணீரை மொண்டு கையில் ஊற்றிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

அரசி இன்னதுதான் சொல்லுவார் என்று நாலைந்து பதில்கள் குலசேகரனின் நாக்கு நுனிக்கு வந்தன. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு அவர் நின்றார்.