இழுத்துப் பார்க்க இடமில்லாத கூடு

“பாதிக் கூட்டைக் காற்றுக்குக் காட்டாதேடா, காட்டினால்...”

காட்டினால் என்ன ஆகும் என்று பெரியப்பா சொன்னது பொன்முடிக்கு மறந்துபோயிற்று. பாதிக் கூட்டை யாருக்குமே காட்டக்கூடாது என்று அதுவாக எடுத்துக்கொண்டது.

பொன்முடி ஒரு தூக்கணாங்குருவி. ஒரு காட்டின் ஓரத்தில், ஏரிக்குள் சாய்ந்து நின்ற ஈச்ச மரத்தில் இருந்தது. அந்த மரத்தில் அதைப் போல நார் பின்ன ஆள் கிடையாது.

தூக்கணாங்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். ஆண்குருவி பாதிக் கூடு கட்டி, அதில் தொங்கிக்கொண்டு கூவும். பெண்குருவி வந்து நாரை இழுத்துப் பார்க்கும், குறை சொல்லும். அதற்குப் பிடித்தால்தான் மீதிக் கூடு வளரும். இரண்டும் அதில் குடும்பம் நடத்தும்.

அந்த மழைக்காலத்தில் தவிட்டழகி என்ற பெண்குருவி பொன்முடியிடம்தான் முதலில் வந்தது.

“இப்போது பார்க்காதே! முடிந்ததும் வா” என்று பொன்முடி குறுக்கே பறந்து மறித்தது.

தவிட்டழகி பக்கத்துக் கிளைக்குப் போயிற்று. அங்கே சிலுப்பன் என்ற குருவி ஒரு கோணல் கூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இதென்ன, முடிச்சா? காக்காய் கலைத்துப் போட்ட குப்பையா?” என்றது தவிட்டழகி.

“குப்பைதான் தாயே! எங்கே பிரிக்கட்டும், சொல்லு” என்று சிரித்தது சிலுப்பன். பிறகு பொன்முடியைப் பார்த்து, “என்ன அண்ணே, திரை போட்டுக் கட்டுகிறீர்களா?” என்றது.

பொன்முடி திரும்பிக்கொண்டு இன்னும் வேகமாக நார் பின்னியது. கூட்டை அறையும் நீண்ட வாசலுமாகத் தனியே முடித்தது. தவிட்டழகி வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

“அழகு! ஒரு நார் பிசகவில்லை.”

“அப்படியானால் உள்ளே வா.”

“இழுத்துப் பார்க்க எனக்கு ஓரிடம்கூட வைக்கவில்லையே. வாசல் வேறு குறுகல். குஞ்சுக்கு இரை கொண்டுபோனால் சிறகு இடிக்கும்.”

“இடிக்காது. எனக்குத் தெரியும்.”

“நீ வெறும் வாயோடு நுழைகிறாய், மகராசா. வெட்டுக்கிளியோடு நுழைந்து பார்.”

அது சிலுப்பனிடமே போய்விட்டது. இன்னும் சில பெண்குருவிகள் வந்தன, பாராட்டின, போய்விட்டன.

மழை பெய்தது. மற்றக் கூடுகளில் ஒரே சண்டையும் சிரிப்பும். பொன்முடியின் கூட்டுக்குள் ஒரு சொட்டு நீர்கூட இறங்கவில்லை. உள்ளே உட்கார்ந்து ஒருமுறை கூவிப் பார்த்தது. அதன் குரல் அதற்கே கேட்டது.

மழை விட்டதும் பொன்முடி ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துக்கொண்டு வந்தது. யாரும் பார்க்காத நேரம் பார்த்து வாசலில் நுழைந்தது. வெட்டுக்கிளியின் கால் ஒரு பக்கம் மாட்டியது. உதறித் திரும்பினால் சிறகு மறுபக்கம் இடித்தது. இரை அலகிலிருந்து நழுவி ஏரியில் விழுந்தது.



பொன்முடி தன் அலகாலேயே வாசலை நார் நாராகப் பிரித்தது. கூடு பாதியானதும் நிறுத்தி, அதில் தொங்கியபடி எல்லாருக்கும் கேட்கும்படி கூவியது.

நீதி: குறை சொல்ல இடம் வைக்காத கலைஞன், தான் கற்கும் வழியையும் அடைத்துவிடுகிறான்.