இடது மலக்கு எத்தனை மணி நேரம் பொறுப்பாங்க?

இந்தக் கதையை நான் தப்பாச் சொல்லிட்டா என்ன செய்றது, மைமு? வேற கதைன்னா பரவாயில்லை. நரி மூணு காலால ஓடுச்சுன்னு சொன்னாலும் நரி வந்து கேட்காது. இது மலக்குமார் கதை, அல்லாவோட வானவங்க கதை. ஒரு சொல் கூடக்குறையப் போனா இடது தோள்ல இருக்கிறவங்க பேனாவைத் தூக்கிருவாங்க. அதுவும் இன்னைக்கு. உன் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு. தம்பியோ தங்கச்சியோ வரப்போற நேரம். இன்னைக்குப் பார்த்து என் வாயில தப்பு வரலாமா?

சரி சரி, உதட்டைப் பிதுக்காதே, சொல்றேன். இரு, வாயில இருக்கிறதை எடுத்து இந்தக் கிண்ணத்துல போட்டுக்கிறேன். டிங். அது என்னன்னா? கடைசியில சொல்றேன். நீ கண்ணை மூடிக்கிட்டு ‘ம்’ சொல்லிட்டே வரணும். ‘ம்’ நின்னுச்சுன்னா எனக்குப் பயமாயிரும்.

ஒரு ஊர்ல ஒரு பொம்பள. பேரைச் சொன்னா புறம் பேசினதா ஆயிரும், அதனால ஜெய்னம்புன்னு வச்சுக்குவோம். ‘வச்சுக்குவோம்’னு சொல்லிட்டா பொய் ஆகாது. நம்ம ஊர் மாதிரியே கடலோரத்து ஊர். வீட்டு முன்வாசல் தெருவுக்கு, பின்வாசல் முடுக்குக்கு. முடுக்குன்னா பொம்பளைங்க மட்டும் போய் வர்ற சந்துதானே, உனக்குத் தெரியும். அந்த முடுக்குல ஜெய்னம்பு நடக்கிறதுக்கு முன்னாடி அவ நாக்கு நடக்கும். சளசளசளன்னு.

அவ சின்னதுல ஓதற பள்ளியில ஒன்பது வயசு வரைக்கும்தான் இருந்தா. ஒருநாள் ஓதிக்குடுக்கிற மாமி மலக்குமாரைப் பத்திச் சொன்னாங்க. அவங்க ஒளியால ஆனவங்க. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. மழைக்கு ஒருத்தங்க, நபிமாருக்குச் சேதி கொண்டு வர ஒருத்தங்க, எக்காளத்தை வாயில வச்சுக்கிட்டு எப்ப உத்தரவு வரும்னு காத்திருக்கிறவங்க ஒருத்தங்க. வயித்துல இருக்கிற புள்ளைக்கு உயிர் ஊத ஒருத்தங்க. இன்னும் ஒருத்தங்க இருக்காங்க, அவங்க வேலையை இன்னைக்கு நான் சொல்ல மாட்டேன். வேண்டாம். ம் சொல்லு.

அப்புறம் ஆளுக்கு ரெண்டு பேர். வலது தோள்ல ஒருத்தங்க நன்மையை எழுத, இடது தோள்ல ஒருத்தங்க தீமையை எழுத. என்னது? மை தீராதான்னா? தீராதுடி. அதுதான் பயமே. ஆனா இடது மலக்கு உடனே எழுத மாட்டாங்களாம். பேனாவைத் தூக்குவாங்க, வலது மலக்கு “பொறு, இவ மனசு மாறலாம்”னு சொல்வாங்களாம். எவ்வளவு நேரம் பொறுப்பாங்கன்னா... மாமி சொல்ல வாயெடுத்த நேரம் வாசல்ல ஆள் வந்துட்டுது. “ஜெய்னம்பு! உம்மாவுக்கு வலி வந்துட்டு, ஓடி வா!” எழுந்து ஓடினவதான். அன்னைக்குப் பொறந்த தம்பியைத் தூக்கி வளர்க்கவே அவளுக்கு நேரம் சரியாப் போச்சு. திரும்பப் பள்ளிக்குப் போகவே இல்லை. அந்த நேரக் கணக்கு அவ காதுல விழாமலே நின்னுபோச்சு.

அப்புறம் வருஷம் எத்தனையோ ஓடிப்போச்சு. ஒருநாள் காலையில ஜெய்னம்பு பின்வாசல்ல உட்கார்ந்து தேங்காய் துருவுறா. சர்க் சர்க் சர்க். அப்போ முடுக்குல சரக் சரக்னு செருப்புச் சத்தம். துப்பட்டி போட்ட ரெண்டு பொம்பளைங்க. மூத்தவங்க குனிஞ்சு கேட்டாங்க.

“ஏம்மா, பக்கத்து வீட்டுப் புள்ளையை எங்க மகனுக்குக் கேக்கலாம்னு இருக்கோம். புள்ள எப்படி?”

அந்தப் புள்ளைக்கும் நாமளே பேர் வைப்போம். சுலைகா. தங்கமான புள்ள. ஆனா பாரு, முந்தின நாள்தான் சுலைகா மாடியில ஈரப் பாவாடையை உதறினதுல தண்ணி தெறிச்சு, ஜெய்னம்பு காயப்போட்ட அப்பளம் அத்தனையும் கூழாப் போச்சு. அந்தக் கடுப்பு நாக்கு நுனியில உட்கார்ந்திருந்துச்சு.

“புள்ள நல்ல புள்ளதான் லாத்தா. கோபம் வந்தா மட்டும் கைக்குக் கிடைச்சதைத் தூக்கி எறிஞ்சிரும்.”

பொய். சுத்தப் பொய். அந்தப் புள்ள ஒரு ஈயைக்கூட விரட்டினது கிடையாது. அந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. “அப்படியா”ன்னாங்க. சுலைகா வீட்டு வாசலை மிதிக்காம அப்படியே திரும்பிட்டாங்க. சரக் சரக் சரக்.

உள்ள கடிகாரம் டிங் டிங்னு பத்து அடிச்சுது. ஜெய்னம்புக்கு இடது தோள் கனத்துப் போச்சு. கை வேலையை விட்டுருச்சு. இப்ப அங்க பேனா தூக்கியாச்சு. வலது பக்கம் “பொறு”ன்னு சொல்லியாச்சு. எவ்வளவு நேரம்?

ம் சொல்லு, மைமு. ஆங்.

அப்போ அவ என்ன செஞ்சா, முதல்ல சுலபமான வேலையைப் பார்த்தா. கை கால் கழுவி ஒளு செஞ்சா, பாயை விரிச்சா, மணியை உருட்டி நூறு தடவை அல்லாகிட்ட மன்னிப்புக் கேட்டா. அப்போ சுவருக்கு அந்தப் பக்கம் சடக் சடக் சடக்னு ஒரு சத்தம். என்னன்னு காதை வச்சா, சுலைகா உம்மா விருந்துக்கு வட்டிலப்பம் செய்ய முட்டை அடிக்கிறாங்க! “இன்னைக்குப் பொண்ணு கேட்டு வருவாங்களாம், பூ வச்சுக்கடி”ன்னு மககிட்ட சொல்றாங்க. ஜெய்னம்பு கையில இருந்த மணி அப்படியே நின்னுபோச்சு. அல்லாவுக்குச் செஞ்ச தப்பை அல்லாகிட்ட கேக்கலாம். சுலைகாவுக்குச் செஞ்சதை சுலைகாகிட்டதானே கேக்கணும்? இந்தப் பாடம் மட்டும் அவளுக்கு நல்லாவே தெரியும். தோள் கனம் குறையலை.

அப்புறம் என்ன செஞ்சா, சோறும் மீனும் ஒரு தட்டுல வச்சுக்கிட்டு முடுக்குக் கடைசியில இருக்கிற கண்ணு தெரியாத பெத்தாக் கிழவி வீட்டுக்குப் போனா. ஒரு ஏழைக்குக் குடுத்தா பேனாவைக் கீழே வச்சிர மாட்டாங்களான்னு ஒரு நப்பாசை. பெத்தா சாப்பிட்டுக் கையை நக்கிட்டுக் கேட்டுச்சு.

“மீன் நல்லாயிருக்குடி. யாருக்கு என்ன தப்பு செஞ்சே?”

“தப்பா? நானா? ஒண்ணும் இல்லையே பெத்தா!”

அய்யோ, இது ரெண்டாவது பொய்! இடது மலக்கு இன்னொரு பேனாவையும் தூக்கியிருப்பாங்க. அவங்ககிட்ட ரெண்டு பேனா இருக்குமான்னு கேக்காதே, எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லக் கூடாது. ஜெய்னம்பு நாக்கைக் கடிச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டா. “பெத்தா, இடது மலக்கு எத்தனை மணி நேரம் பொறுப்பாங்க?”

“ஆறு மணி நேரம்பாங்க. எங்க வாப்பா ஏழும்பாங்க. இப்ப மணி என்ன?”

“ஒன்னரை.”

“பேச்சு எப்ப பேசினே?”

“பத்து மணிக்...” சட்டுனு வாயை மூடினா. பெத்தா பொக்கை வாயால சிரிச்சுது. “நேரம் கிடக்கு, போடி. தட்டை அப்புறம் வாங்கிக்கலாம்.”

அப்புறம் ஓட்டம். மூணாவதா, கஷ்டமான வேலை. அந்த ரெண்டு பொம்பளைங்க வீடு ஊரோட அந்தக் கோடி. முடுக்கு வழியாவே போனா நடுவுல ஒரு கல்யாண வீட்டுக்காரங்க பெரிய பெரிய சட்டியை வழியில இறக்கி வச்சிருக்காங்க, ஒரே ஆம்பளைக் கூட்டம். சுத்திக்கிட்டுப் போனா. போய்க் கதவைத் தட்டினா, டொக் டொக், ஒரு சின்னப் புள்ள எட்டிப் பார்த்து, “மாமி அடுத்த ஊர்ல வேற பொண்ணு விசாரிக்க மூணரை பஸ்ஸுக்குப் போறாங்க”ன்னுச்சு.

வேற பொண்ணு! பஸ் ஸ்டாண்டுக்கு ஜெய்னம்பு தனியாப் போனதே கிடையாது. துப்பட்டியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பெரிய ரோட்டுல இறங்கிட்டா. அப்போ பஸ் டுர்ர்ர்ருனு உறுமுது. ஓடிப்போய் பஸ்ஸோட தகரத்துல டம் டம் டம்!

“ஏறுறியாம்மா, இல்லையா?”ன்னு கண்டக்டர் கத்துறார்.

ஜன்னலோரம் காலையில வந்த அந்த அம்மா. ஜெய்னம்பு மூச்சு வாங்க, “லாத்தா, காலையில நான் சொன்னது பொய்! அந்தப் புள்ள எதையும் எறியாது! அவ தண்ணி என் அப்பளத்துல பட்டுச்சு, அந்தக் கோபம்!”

பின்சீட்டுல ஒரு ஆள், “ஒரு அப்பளத்துக்கா இந்த ஓட்டம்?”னு கேட்டார். பஸ்ஸே சிரிச்சுது. அந்த அம்மா சிரிக்கலை. “காலையில சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா? எதை நம்ப?”

நியாயமான கேள்விதானே? ஜெய்னம்பு இடது தோளைத் தொட்டுக் காட்டினா. “லாத்தா, இங்க ஒருத்தங்க காலையில இருந்து பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. இதுக்கு மேலயும் நான் பொய் சொல்வேனா?”

அந்த அம்மா அவ தோளையே பார்த்தாங்க. அப்புறம் கூட வந்தவங்களைப் பார்த்து, “இறங்கு”ன்னாங்க.

ம்? முழிச்சிருக்கியா? கேளு, இன்னும் முடியலை.

அவங்க வீட்டுக்குப் போய் முறுக்கும் பழமும் எடுத்துக்கிட்டு வரதுக்குள்ள ஜெய்னம்பு முந்திக்கிட்டு சுலைகா வீட்டுக்கு ஓடினா. சுலைகா தலை நிறையப் பூவோட, காலையில இருந்து வாசலையே பார்த்து உட்கார்ந்திருக்கு. பூ வாடிப்போச்சு. ஜெய்னம்பு எல்லாத்தையும் சொன்னா, அப்பளத்துல ஆரம்பிச்சு பஸ் வரைக்கும். சுலைகா எழுந்துச்சு. பக்கத்துல இருந்த பித்தளைச் செம்பைக் கையில தூக்குச்சு.

ஜெய்னம்பு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. போச்சு, எறியப் போகுது, நான் சொன்ன பொய்யே நிஜமாகப் போகுது!

கண்ணைத் திறந்தா, செம்பு மூக்குக்கு நேரா இருக்கு. “தண்ணி குடிங்க மாமி. மூச்சு இரைக்குது.”

“என்னை மன்னிச்சுப் பொருந்திக்கிறியா, கண்ணு?”

“பொருந்திக்கிட்டேன். இனிமே அப்பளத்தை அந்தப் பக்கம் காயப்போடுங்க.”

அப்போ கடிகாரம் டிங்னு ஒண்ணு அடிச்சுது. நாலரை. ஜெய்னம்பு விரல் விட்டு எண்ணினா. ஆறு மணி நேரம்னா நாலு மணியோட எழுதியாச்சு. ஏழுன்னா இன்னும் எழுதலை. எண்ணினா, திரும்ப எண்ணினா. “ஆறா, ஏழாடி? நீ பெரிய ஓதல் ஓதினவதானே?”

சுலைகா சொல்லுச்சு: “நானும் ரெண்டும் கேட்டிருக்கேன் மாமி. எழுதியிருந்தாலும் அழிக்கிறவன் ஒருத்தன் இருக்கான். நீங்க பஸ்ஸைத் தட்டினதை வலது பக்கத்துல அப்பவே எழுதியிருப்பாங்க. அவங்க யாரையும் கேட்டுப் பொறுக்க வேண்டியதில்லை.”

நல்ல சொல்தான். ஆனா ஜெய்னம்புக்கு மனசு ஆறலை. அந்த ஏட்டை எட்டிப் பார்க்க முடியுமா என்ன? ஆறா, ஏழா? இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. யார்கிட்டயும் கேக்கவும் பயம், நாலரைக்கு முன்னாடியே எழுதியாச்சுன்னு அவங்க சொல்லிட்டா?

அப்புறம் என்ன ஆச்சுன்னா? அவங்க வந்தாங்க, வட்டிலப்பம் சாப்பிட்டாங்க, பொண்ணு பிடிச்சுப் போச்சு. நம்ம ஊர்ல மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டுக்கு வருவார், அதனால சுலைகா பக்கத்து வீட்டை விட்டு எங்கயும் போகலை. அவளுக்கு ஒரு பொம்பளப் புள்ளையும் பொறந்துச்சு. இப்ப உம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போது அந்தப் புள்ள பக்கத்து வீட்டு மாமி மடியில கதை கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கு. ஆமாடி, நீதான். சிரிக்காதே, கண்ணை மூடு.

கிண்ணத்துல போட்டது என்னன்னா? அன்னைக்குத் தண்ணி குடிச்சதும் உன் உம்மா விருந்துத் தட்டுல இருந்து ஒரு பேரீச்சம்பழம் எடுத்துக் குடுத்துச்சு. தின்னுட்டுக் கொட்டையை வாயிலயே அதக்கிக்கிட்டு ஜெய்னம்பு வெளிய வந்தா. முடுக்குல ஒருத்தி, “என்னடி விசேஷம், உள்ள யாரு?”ன்னு கேட்டா. நாக்கு பாயப் பார்த்துச்சு. கடக்! கொட்டை பல்லுல இடிச்சுது. வந்த பேச்சு அப்படியே நின்னுபோச்சு. அன்னைக்கு இருந்து அவ வீட்டை விட்டு இறங்கினா வாயில ஒரு கொட்டை. யாராவது எதையாவது விசாரிக்க வந்தா வாயில ஒரு கொட்டை. வேற வழி அவளுக்குத் தெரியலை.

என்னது? உம்மா நாளைக்கு வந்துருவாங்களான்னா? பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுதானேன்னா?

இங்க பாரு கண்ணு, எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன். வாய் வரைக்கும் வருது, ஆனா சொல்ல மாட்டேன். வலது பக்கம் ஒரு ஸலாம் சொல்லு, இடது பக்கம் ஒரு ஸலாம் சொல்லு. நான் கிண்ணத்துல இருக்கிறதை எடுத்து வாயில போட்டுக்கிறேன். கதை கரையேறிட்டுது. இனி நீ கேளு, நான் ‘ம்’ சொல்றேன். கேட்டுக்கிட்டே தூங்கு.

கடக்.

ம்.