பேச்சுக்கு ஒரு பாலம்

காட்டாற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. அங்கே கூரன் என்ற முள்ளம்பன்றி தனியாக வாழ்ந்தது. போன ஆண்டு வந்த வெள்ளம் அதை ஒரு மரக்கட்டையோடு அடித்துவந்து அங்கே தள்ளியிருந்தது. தின்னக் கிழங்கு இருந்தது, கொறிக்க மூங்கில் இருந்தது. பேசத்தான் யாரும் இல்லை. மீன் பிடிக்க வரும் நீர்நாய் மட்டும் எப்போதாவது இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும்.

இக்கரையில் விலங்குகள் குடியிருந்தன. நல்ல புல்லெல்லாம் அக்கரையில் இருந்தது. ஆற்றின் இழுப்புக்குப் பயந்து அவை மலையடிவாரம் வரை நடந்து, சுற்றிக்கொண்டு போய் வந்தன. திட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்த கூரனுக்கு ஒரு நாள் யோசனை தோன்றியது. திட்டின் வழியாகப் பாலம் கட்டினால், எல்லோரும் தன்னைத் தாண்டித்தானே போக வேண்டும்?

நீர் எங்கே வேகம், பாறை எங்கே உறுதி என்று பல நாள் பார்த்து வைத்தது. பிறகு மூங்கிலைக் கடித்து வீழ்த்தத் தொடங்கியது. நீர்நாய் ஒவ்வொன்றாக இழுத்துப்போய்ப் பாறைகளில் பொருத்தியது. முதலில் கட்டியது மழையில் போய்விட்டது. மறுபடி கட்டின.

"இவ்வளவு பாடுபடுகிறாயே, கடப்பவர்களிடம் சுங்கமாக என்ன வாங்குவாய்?" என்று நீர்நாய் கேட்டது.

"பேச்சு. என்னோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும். வேறொன்றும் வேண்டாம்."

நீர்நாய் அடுத்த மூங்கிலைக் கவ்விக்கொண்டு நீரில் இறங்கியது.

கோடையில் பாலம் தயாரானது. ஆரம்பத்தில் எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசினார்கள். முயல் தன் வளையைப் பற்றிச் சொன்னது. காட்டுப்பன்றி தன் மைத்துனனோடு போட்ட சண்டையைச் சொன்னது. கூரனுக்குச் சந்தோஷத்தில் கிழங்கு தின்னக்கூடத் தோன்றவில்லை.

நாளாக ஆகப் பேச்சு சுருங்கியது. "வெயில் அதிகம்" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். உடனே கூரன் ஒரு விதி போட்டது: மூன்று புதுச் செய்தி சொல்லாதவர் பாலத்தைக் கடக்கக் கூடாது. மறுத்தால் முட்களை விரித்துக்கொண்டு குறுக்கே நிற்கும். முயல் பொய்களை அவிழ்த்துவிட்டது. பொய் என்று தெரிந்தும் கூரன் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மேகம் கறுத்துவந்ததால் யாரும் பாலத்துக்கு வரவில்லை. மதியம், மலையைச் சுற்றி மேயப் போயிருந்த ஒரு பெண்மான் அக்கரையிலிருந்து வேகமாக வந்தது.

"என் குட்டி புதரில் தனியாக இருக்கிறது. பக்கத்தில் நரி குரல் கேட்கிறது. வழி விடு."

"மூன்றே செய்திதான். காலையிலிருந்து நான் யாரோடும் பேசவில்லை."

மான் அவசரமாக ஒரு செய்தி சொன்னது. இன்னொன்று சொன்னது. அதற்குமேல் அதற்கு வார்த்தை வரவில்லை. கூரன் நகரவில்லை. இக்கரையில் குட்டி கத்துவது கேட்டது. மான் அப்படியே ஆற்றில் குதித்தது.

இழுப்பு அதை வெகுதூரம் கொண்டுபோனது. அது கரையேறி ஓடுவதற்குள் குட்டியின் பின்னங்காலை நரி கடித்துவிட்டது. பக்கத்தில் மேய்ந்த காட்டெருமை நரியைத் துரத்தியதால்தான் குட்டி உயிர் தப்பியது. நீர்நாய் வந்து இதைச் சொல்லிவிட்டு, உட்காராமல் போனது.

அதன்பின் யாரும் பாலத்துப் பக்கம் வரவில்லை. எல்லோரும் பழையபடி மலையைச் சுற்றி நடந்தார்கள். கூரன் காத்திருந்து பார்த்தது. நீரின் சத்தம் மட்டும் கேட்டது.

நான்காம் நாள் கூரன் இளங்கிழங்கைக் கவ்விக்கொண்டு, தான் கட்டிய பாலத்தில் முதல்முறையாக இக்கரைக்கு நடந்தது. மானின் புதரருகே கிழங்கை வைத்தது. "நான் செய்தது தப்பு. இனி யார் வந்தாலும் தடுக்க மாட்டேன்" என்றது. மான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூரன் திரும்பிப் போனது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒன்றும் கேட்காமல் தள்ளியே நின்றது.

ஏழாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டு நின்ற கூரனை மான் நெடுநேரம் பார்த்தது.

"முள்ளை மடக்கிக்கொண்டு உள்ளே வா. சத்தம் போடாதே, குட்டி தூங்குகிறது" என்றது.

கூரன் உள்ளே போய் ஓர் ஓரமாக உட்கார்ந்தது. மழை விடும்வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை.

வழியை மறித்து வாங்கும் பேச்சு துணையாகாது. துணை வேண்டுமென்றால் நாம்தான் எழுந்து பிறரிடம் போக வேண்டும்.