செலவே இல்லாத சீமை

முன்னொரு காலத்தில், தும்மினாலும் முரசறைந்து ஊருக்குச் சொல்லுகிற ராஜா ஒருவன் மூன்று சீமைகளை ஆண்டுவந்தான். பெயர் சண்டப்பிரதாபன். ‘என் நாட்டில் மருந்து இலவசம்’ என்று ஒருநாள் முரசறையச் சொன்னான். அடித்த அடியில் முரசு கிழிந்தது. புதுசு வாங்கினார்கள், அதுவும் கிழிந்தது. முரசு வாங்கிய செலவில் நாலு வைத்தியசாலை கட்டியிருக்கலாம். ஆனால் வைத்தியசாலையை அடித்தால் சத்தம் வராதே.

அந்த ராஜாவின் சபைக்குக் கரட்டுச் சீமையிலிருந்து மூன்று நாள் நடந்து வந்து சேர்ந்தாள் காத்தாயி. ஆடு மேய்ப்பவள். புருஷன் மாயாண்டிக்கு உள்ளங்காலில் முள் ஏறிப் புரையோடி, முழங்கால் வரைக்கும் வீங்கிக் கிடந்தது. சீமையில் இருந்த ஒரே வைத்தியரையும் போன வருஷம் அனுப்பிவிட்டார்கள். அவரைத் திருப்பிக் கேட்கத்தான் வந்தாள். இன்னும் பத்து நாள் போனால் கால் மிஞ்சாது.

சபையில் அவளுடைய சீமையின் அதிகாரி திருமலைராயர் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார். ராஜா ஒரு கன்னம் மட்டும் பணியாரம் போல உப்பி, பல்வலியோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

“மகாராஜா, வைத்தியத்துக்கு ஒரு குடும்பம் வருஷத்தில் தன் கையிலிருந்து போடுகிற செலவு, ஆற்றுச் சீமையில் பத்துப் பணம். கடற்கரைச் சீமையில் ஆறு. அடியேன் பார்க்கிற கரட்டுச் சீமையில்...” ராயர் வெற்று ஓலையைத் தூக்கிக் காட்டினார். “ஒன்றுமே இல்லை.”

“அங்கே யாருக்கும் நோயே வராதா?”

“தங்கள் பெயரைக் கேட்டாலே ஓடிவிடுகிறது, மகாராஜா. ஆற்றுச் சீமை மந்திரி பன்னிரண்டு வைத்தியர்களை வைத்திருக்கிறார், செலவும் பத்துப் பணம். நான் இருந்த ஒருவரையும் அனுப்பினேன், செலவும் கூடவே போய்விட்டது.”

ராஜாவுக்குப் பல்வலியிலும் பூரிப்பு. “ராயரே, உமக்கு ஒரு பல்லக்குத் தருகிறேன். நாளைக்கே மற்ற சீமைகளிலும் வைத்தியர்களை அனுப்பிவிட வேண்டியதுதான்.”

காத்தாயி சபையின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரைக் கேட்க வந்தால், இருக்கிற அத்தனை பேரும் போய்விடுவார்கள் போலிருக்கிறதே. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“யாரம்மா நீ?”

“அந்தச் செலவில்லாத சீமைக்காரி, மகாராசா.”

“பார்த்தீர்களா,” என்றார் ராயர். “நன்றி சொல்ல நடந்தே வந்திருக்கிறாள்.”

“ஆமாஞ்சாமி, நடந்துதான் வந்தேன். மகாராசாவுக்குப் பல்வலி போல. எங்க சீமை வைத்தியத்தையே பண்ணிடட்டுமா? நாட்டுக்கு நல்லதுன்னா ராசாவுக்கும் நல்லதுதானே.”

சபை முழுக்க ராஜாவைப் பார்த்தது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்?

“ஒரே ஒரு பத்தியம் உண்டு. முடியுற வரைக்கும் நான் சொல்றபடிதான் நடக்கணும்.”

“வாக்குக் கொடுத்தேன்.”

கிராம்புத் தைலத்தோடு நின்ற அரண்மனை வைத்தியரை மண்டபத்தின் கடைசி வாசலுக்கு அனுப்பினாள். “அவர் இப்ப ஆத்துச் சீமையில இருக்கார்.” ராஜாவின் தாடையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டித் தரையில் உட்காரவைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

ஒரு நாழிகை ஆயிற்று. “பிறகு?” என்றான் ராஜா.

“பிறகென்ன, உக்காந்திருக்கணும்.”

“எவ்வளவு நேரம்?”

“எங்க பக்கத்து வீட்டுக்காரர் வயித்துவலின்னு நாப்பது நாள் உக்காந்திருந்தார்.”

“சரியாயிற்றா?”

“வலி போயிடுச்சு மகாராசா. கூடவே அவரும் போயிட்டார். செலவு ஒண்ணுமில்லை. ராயர் சரியாத்தான் எழுதியிருக்கார்.”

யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள். ராஜாவுக்குப் பல் விண்ணென்று தெறித்தது. “வைத்தியரைக் கூப்பிடு.”

“கூப்பிட்டா எப்படி வருவார்? மூணு நாள் தூரம். நாமதான் போகணும். தூக்க நாலு ஆள் வேணும், ஆளுக்கு ஒரு ஆடு கூலி.”

“என்னிடம் ஏது ஆடு?”

“மோதிரம் இருக்கே.”

மோதிரங்கள் கழன்றன. ஒரு பலகையில் ராஜாவை ஏற்றி நாலு பிரபுக்கள் தூக்கினார்கள். முன்னால் பிடித்தவர்களில் ராயரும் ஒருவர், வியர்க்க விறுவிறுக்க. முதல் தூண் வந்ததும் காத்தாயி நிறுத்தினாள். “சுங்கச்சாவடி.” கடுக்கன் போயிற்று. இரண்டாவது தூண். “ஆத்தைத் தாண்டப் பரிசல்.” பட்டுச் சால்வை போயிற்று. வாசலில், “வைத்தியசாலைக் காவல்காரர். இவரைக் கவனிக்காம உள்ளே விடமாட்டார்.” இடுப்புச் சங்கிலி போயிற்று.

வைத்தியர் எதிரே இறங்கியதும் ராஜா தானாகவே முத்துமாலையைக் கழற்றினான். “மருந்துக்கு இது போதுமா?”

“மருந்துக்கா? அது இலவசமாச்சே, மகாராசா. முரசு எங்க ஊர் வரைக்கும் வந்துச்சு. முரசு மட்டுந்தான் வந்துச்சு.”

வைத்தியர் ஒரே இழுப்பில் பல்லைப் பிடுங்கினார். ராஜா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“ஆத்துச் சீமைக்காரங்க கஷ்டப்பட்டுப் பத்துப் பணம் கொடுத்துப் பிழைச்சுக்கிட்டாங்க,” என்றாள் காத்தாயி. “நாங்க கொடுக்க வழியில்லாம மிச்சம் பிடிச்சுட்டோம். என் வீட்டுக்காரர் கால் முள்ளேறிப் புரையோடிக் கிடக்கு, அதையும் வெட்டி எறிஞ்சு மிச்சம் பிடிக்க வேண்டியதுதான்.”

ராஜா அன்றைக்கே கரட்டுச் சீமைக்கு ஒரு வைத்தியரைக் குதிரையில் அனுப்பினான். மூன்று சீமையிலும் நோயாளிக்குச் சுங்கமும் பரிசல் கூலியும் கிடையாது, தூக்கும் கூலி அரண்மனையைச் சேர்ந்தது என்று உத்தரவு போட்டான். முரசு அடிக்க வந்தவனை, “நீ போய் வைத்தியசாலைக்குக் கூரை போடு” என்று விரட்டினான்.

ராயருக்கு இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லை. “மகாராஜா, அந்தப் பல்லக்கு...”

“சொன்ன வாக்கை மீறுவேனா? பல்லக்கு உமக்குத்தான். நோயாளி உள்ளே இருப்பான். முன்தண்டு உம்முடைய தோளில்.”

நாலாம் நாள் கரட்டுச் சீமையின் மேட்டுப்பாதையில், குதிரையில் வந்திறங்கிய வைத்தியரிடம் அந்தப் பல்லக்குப் போயிற்று. உள்ளே வீங்கின காலை நீட்டிப் படுத்திருந்த மாயாண்டி தலையை வெளியே நீட்டினான். “சாமி, மேட்டுல கொஞ்சம் குலுக்காம போங்க.”

பக்கத்தில் நடந்துவந்த காத்தாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். “பேசாம படு. ஆடு கேக்காம தூக்குறாரேன்னு சந்தோசப்படு.”