ஏபலின் துடிப்பு

ஒரே கிண்ணத்தைப் பார்த்த இரண்டு பேர் எதிரெதிராகச் சாதித்தார்கள். இருவருமே பொய் சொல்லும் ஆட்கள் இல்லை. கடைசியில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஜெசிந்தாவின் மகன் ஏபலுக்கு இரண்டு வயது. அவன் இதயம் திடீர் திடீரென்று தாளம் தப்பி ஓடும். வழக்கமான மருந்து எதற்கும் அது கட்டுப்படவில்லை. புதிதாக ஒன்று இருந்தது. அதை நேராகக் குழந்தைக்குக் கொடுக்க டாக்டர் மங்களேஸ்வரிக்கு மனம் வரவில்லை. அவன் ரத்தத்திலிருந்து எடுத்த செல்களை இதயச் செல்களாக வளர்த்து, முதலில் அவற்றுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில் ஆய்வகம். செல்கள் வளர்ந்த கிண்ணத்தின் அடியில் மெல்லிய படலம், அதில் வரிசையாகக் கரிம டிரான்சிஸ்டர்கள். சிலிக்கான் அல்ல, மின்சாரம் கடத்தும் ஒருவகைப் பிளாஸ்டிக். உப்புநீரில் நனைந்தபடியே, செல்களில் எழும் நுண்ணிய மின்சாரத்தைப் பெருக்கித் திரையில் அலையாகக் காட்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஓரத்தில் ஒரு டிரான்சிஸ்டரின்மேல் மட்டும் செல்லே கிடையாது. படலத்தில் ஒளி ஊடுருவும் என்பதால், அடியிலிருந்து நுண்ணோக்கியிலும் செல்களைப் பார்க்கலாம்.

ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் இரண்டு பேர். திரைக்கு முன்னால் ஹாரூன். நுண்ணோக்கியில் சுகிர்தா. மருந்துத் துளி விழுந்தது.

வார்டிலிருந்து டாக்டர் போன் செய்தபோது ஹாரூன்தான் எடுத்தார். "துடிப்பு சீராயிடுச்சு மேடம். அழகா இருக்கு."

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். ஜெசிந்தா மகனின் சட்டைக் கையை மடித்துவிட்டாள். அதற்குள் சுகிர்தா ஓடி வந்துவிட்டாள்.

"போடாதீங்க மேடம்! துடிப்பே நின்னுபோச்சு. செல்லெல்லாம் செத்துப்போச்சு."

பின்னாலேயே ஹாரூன். "அம்மா தாயே, செத்த செல் அலை போடுமா? முதல்ல உன் கண்ணாடியை மாத்து."

"உங்க பிளாஸ்டிக் உளறுது. என் கண்ணு உளறாது."

"உளறினா, செல் இல்லாத டிரான்சிஸ்டரும் சேர்ந்து உளறணுமே? அது கோடு போட்ட மாதிரி படுத்துக் கிடக்கு."

டாக்டர் எரிச்சலோடு சொன்னார்: "ஒரே கிண்ணம். ரெண்டு பேர்ல ஒருத்தர் பார்த்தது தப்பு. மருந்தைக் கழுவிட்டு மறுபடி பாருங்க."

இருவரும் ஆய்வகத்துக்குத் திரும்பிப் போய்க் கழுவினார்கள். நுண்ணோக்கியில் துடிப்பு திரும்பியது, திரையில் தாளம் தப்பியது. மறுபடி துளி விட்டார்கள். நுண்ணோக்கியில் துடிப்பு நின்றது, திரையில் சீரானது. வார்டுக்கு வந்து அதையே சொன்னார்கள்.

"யார் ஜெயிச்சாலும் சரி மேடம்," என்றாள் ஜெசிந்தா. "போடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

போடலாம் என்கிறார் ஹாரூன். செல்களைக் கொல்லும் மருந்து, கூடாது என்கிறாள் சுகிர்தா. இருவரில் ஒருவர் பார்த்தது தப்பு என்கிறார் டாக்டர். நீங்கள் சொல்லுங்கள்: யார் சொன்னது சரி? ஏபலுக்கு அந்த ஊசியைப் போடலாமா?

விடை: இருவர் பார்த்ததும் உண்மை. குழப்பியது 'துடிப்பு' என்ற சொல். ஹாரூன் அதை மின்சாரத்துக்குச் சொன்னார், சுகிர்தா சுருங்கி விரியும் அசைவுக்குச் சொன்னாள். மருந்து ஒன்றைச் சீராக்கி மற்றொன்றை நிறுத்திவிட்டது. கழுவியதும் அசைவு திரும்பியதால் செல்கள் சாகவில்லை. வெறும் டிரான்சிஸ்டர் சும்மா கிடந்ததால் அலையும் பொய்யில்லை. ஆனால் ரத்தத்தைத் தள்ளுவது அசைவு. ஆகவே சுகிர்தா சொன்ன காரணம் தவறானாலும், "போடாதீங்க" என்றதே சரி. டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "அப்போ வேற மருந்து?" என்று கேட்டாள் ஜெசிந்தா. அதற்கு இந்தப் புதிரில் விடை இல்லை.