இருபத்தாறு நிமிடம்

ஞானசிகாமணியின் போன் அடித்து ஆறு நாளாகியிருந்தது.

ஒரு காலத்தில், இருபத்திரண்டு வருடம் அது ஒரு நாள்கூடச் சும்மா இருந்ததில்லை. அப்போது அவர் விதைக்கடையில் குமாஸ்தா. அந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. ரத்தம் கொடுப்பவர்களின் பெயர், ரத்த வகை, ஊர், போன் நம்பர். ஆயிரத்து நூற்று நாற்பது பேர். நோட்டைத் திறக்கக்கூட மாட்டார். மனசிலிருந்தே சொல்லிவிடுவார்.

வேண்டியவரையும் கொடுப்பவரையும் பேச வைத்துவிட்டுப் போனை வைத்துவிடுவார். பிழைத்தார்களா இல்லையா என்று அதன்பிறகு யாரும் கூப்பிட்டுச் சொன்னதில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அதற்குள் அடுத்த போன் வந்திருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாமலே ஐம்பது வயது ஆகிவிட்டது என்பதுகூட, ஒருநாள் யாரோ கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அறக்கட்டளை அந்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டது. மலையிலும் அடிவாரத்திலுமாக அதற்குப் பதினாலு ஆஸ்பத்திரிகள். நோட்டில் இருந்ததெல்லாம் டேட்டாபேஸில் ஏறியது. எந்த ஆஸ்பத்திரிக்கு ரத்தம் வேண்டுமோ, அவர்களே கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக்கொண்டார்கள். ஞானசிகாமணிக்கு மரியாதையாக ஒரு வேலை கொடுத்தார்கள், சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ள.

மூன்றாவது மாடி. முன்பு காசநோய் வார்டாக இருந்த இடம். குளிரூட்டியின் இரைச்சல் தவிர வேறு சத்தம் கிடையாது. யாரும் வரமாட்டார்கள், நூர்நிஷாவைத் தவிர.

நூர்நிஷாவுக்கு முப்பத்து நாலு வயது. டேட்டாபேஸ் முழுக்க அவள் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாள் மேலே வந்து அவருக்குச் சொல்லிக் கொடுப்பாள். தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவளிடம் அவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்வார்.

ஒருநாள் அவர் கேட்டார்.

“மேடம், ஆனைக்கல் ஆஸ்பத்திரி மலை உச்சியில இருக்கு. நம்ம டேட்டாபேஸ் இங்க இருக்குன்னு அங்க இருக்கிற கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார்.”

“தெரியாமலா வருது?”

“அதுக்குத் தெரிஞ்சது ஒரு பேரு மட்டும்தான். ‘குருதி’. அந்தப் பேருக்கு என்ன விலாசம்னு அதுகிட்ட ஒரு சின்ன ஃபைல் இருக்கு. நம்ம மெஷினோட நம்பர் ஒண்ணு, எந்தக் கதவுன்னு இன்னொரு நம்பர். அதைப் பாத்துக்கிட்டு வந்து தட்டும்.”

“கதவுல யாரு இருக்கா?”

“லிஸனர்னு ஒரு புரோகிராம். யாராவது வருவாங்களான்னு காத்துக்கிட்டே இருக்கும். வந்தா, யாரு வேணும்னு கேக்கும். உள்ள சேர்த்துவிடும். யாரு எப்ப வந்தாங்கன்னு ஒரு வரி எழுதி வச்சுக்கும்.”

“அப்புறம்?”

“விலகிக்கும்.”

“அவங்க பேசிக்கிறது அதுக்குக் கேக்காதா?”

“கேக்காது.”

ஞானசிகாமணி பேனாவை மூடினார்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தபோது, உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

“உள்ள பேசிக்கிட்டிருக்கிறவங்களுக்கு, வாசல்ல அது ஒண்ணு இருக்குங்கிற நெனப்பு இருக்குமா மேடம்?”

நூர்நிஷா அவரை ஒரு தடவை பார்த்தாள். பழகுவதற்கென்று வைத்திருந்த இன்னொரு மெஷினை இயக்கினாள். திரையில் ஒரு விண்டோ திறந்து டேட்டாபேஸில் இணைந்தாள். ஏதோ கேட்டாள். பதில் வந்தது. பிறகு லிஸனரை நிறுத்தினாள். அதே விண்டோவில் மறுபடியும் கேட்டாள். முன்போலவே பதில் வந்தது.

பக்கத்தில் இரண்டாவதாக ஒரு விண்டோ திறந்தாள். அதிலிருந்து இணையப் பார்த்தாள். இணைய முடியவில்லை, கதவில் யாரும் இல்லை என்று வந்தது.

“பாத்தீங்களா சார்?”

“பாத்தேன்.”

“என்ன பாத்தீங்க?”

“மொதல் விண்டோவுக்கு ஒண்ணுமே தெரியல. அதுபாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கு.”

அவள் லிஸனரைத் திரும்ப ஓடவிட்டு, எழுந்து போய்விட்டாள். போகும்போது நிஜ மெஷினின் பாஸ்வேர்டை அவர் நோட்டில் எழுதி வைத்தாள். இனிமேல் அவரே பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. நூர்நிஷாவுக்குக் கீழே கூட்டம். ஒரு மணிக்குத்தான் முடியும்.

ஞானசிகாமணி காலையிலிருந்து போனை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கோளாறு என்றால் கூப்பிட வேண்டிய நம்பர். அது அவருடைய நம்பர்தான். ஆனால் கோளாறு வந்தால்தானே.

யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை அவர். ஒரே ஒரு தடவை யாராவது கூப்பிட்டு, “சார், கனெக்ட் ஆகல” என்று சொன்னால் போதும். “ஒரு நிமிஷம் இருங்க” என்று சொல்லிச் சரி செய்து கொடுத்துவிடுவார். அவ்வளவுதான் ஆசை.

பதினொன்று பத்துக்கு லிஸனரை நிறுத்தினார்.

அப்போது ஒன்பது ஆஸ்பத்திரிகள் இணைந்திருந்தன. ஒன்பதும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தன. பதினொன்று பதினைந்து. பதினொன்று இருபது. போன் அடிக்கவில்லை. வாசலில் ஆள் இல்லாமல் போனதுகூட யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தபோது போனை எடுத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

பதினொன்று இருபத்தொன்பதுக்குப் போன் அடித்தது.

உடனே எடுத்தார்.

“சார், ஆனைக்கல்ல இருந்து பேசுறேன். லேப் டெக்னீஷியன் கனகவல்லி. காலையிலேயே போன கரண்ட் இப்பத்தான் வந்துச்சு. அதுலருந்து கம்ப்யூட்டர் கனெக்ட் ஆகல. பிரசவமான பொண்ணு சார், ரத்தம் நிக்க மாட்டேங்குது. பி நெகட்டிவ். எங்ககிட்ட ஒரே ஒரு யூனிட்தான் இருக்கு.”

லிஸனரை ஓடவிட ஒரே ஒரு கட்டளை போதும். விரல் விசைப்பலகைமேல்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரல், அந்த அவசரம், ‘சார்’ என்ற அந்த அழைப்பு. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அவரை முந்திக்கொண்டது.

“எழுதிக்கங்கம்மா. ரங்கபாஷ்யம், பஸ் டிப்போ. பி நெகட்டிவ்.” நம்பரை ஒரே மூச்சில் சொன்னார். “கூப்பிட்ட உடனே கெளம்பிடுவாரு.”

போனை வைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் லேசாகியிருந்தது.

மூன்று நிமிடத்தில் மறுபடியும் அடித்தது.

“சார், அவரு செத்து ஒன்றரை வருஷம் ஆச்சாம். அவங்க சம்சாரம் அழுவுறாங்க.”

ஞானசிகாமணி இன்னொரு பெயர் சொன்னார். இன்னொரு நம்பர்.

மறுபடியும் அடித்தது.

“அந்த நம்பரே இல்லையாம் சார். வேற யாராவது இருக்காங்களா? சீக்கிரம் சொல்லுங்க சார்.”

மனசில் இன்னும் நூறு பெயர் இருந்தது. ஒன்றைக்கூட அவரால் நம்ப முடியவில்லை.

“இப்ப பாரும்மா, கனெக்ட் ஆகும்” என்றார்.

கட்டளையைத் தட்டினார். பதினொன்று முப்பத்தாறு. திரையில் இணைந்தவர்களின் பட்டியலில் பத்தாவதாக ஆனைக்கல் வந்து சேர்ந்தது. கனகவல்லி என்ன தேடினாள், யார் கிடைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனைக்கல் என்ற பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

யாரும் கூப்பிடவில்லை.

பன்னிரண்டே காலுக்கு அவரே கூப்பிட்டார். யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

“அந்தப் பொண்ணா? எஸ்டேட்லயே ரெண்டு பேர் கெடைச்சாங்க. வந்து குடுத்துட்டாங்க. இப்ப ரத்தம் நின்னுடுச்சு. நீங்க யாரு, சொந்தமா?”

“இல்லம்மா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு மணிக்கு நூர்நிஷா மேலே வந்தாள். அவர் எழுந்து நின்றார்.

“லிஸனரை நிறுத்தினேன் மேடம்.”

“நின்னு போச்சா, நிறுத்தினீங்களா?”

“நிறுத்தினேன். வேணும்னேதான்.” நடந்ததைச் சொன்னார். ரங்கபாஷ்யத்தின் மனைவி அழுததுவரை ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

“எவ்வளவு நேரம்?”

“இருபத்தாறு நிமிஷம்.”

“அதுக்குள்ள வேற யாராவது வந்தாங்களா?”

“ஆனைக்கல் மட்டும்தான் கூப்பிட்டாங்க.”

“கூப்பிட்டவங்களை நான் கேக்கல சார். வந்தவங்களைக் கேக்கறேன்.”

அவர் திரையைப் பார்த்தார். “வர்றவங்களையெல்லாம் லிஸனர் எழுதி வைக்கும்னு சொன்னீங்களே. அதைப் பாத்தாத் தெரிஞ்சுடுமே.”

நூர்நிஷா பதிவைத் திறந்து காட்டினாள். பதினொன்று பத்து வரைக்கும் வரி வரியாக இருந்தது. அடுத்த வரி பதினொன்று முப்பத்தாறு. நடுவில் ஒன்றுமில்லை.

“அது இருந்தாதானே சார் எழுதும்?” என்றாள்.

ஞானசிகாமணி உட்கார்ந்துவிட்டார்.

“என்னை அனுப்பிச்சுடுங்க மேடம்.”

“நடந்ததை நடந்தபடியே நான் எழுதிக் குடுத்துடுவேன். அனுப்புறதும் அனுப்பாததும் அவங்க முடிவு. அதுக்கு முன்னாடி பதினாலு ஆஸ்பத்திரியையும் கூப்பிட்டுக் கேளுங்க. பதினொண்ணு பத்துலருந்து முப்பத்தாறுக்குள்ள வந்து பாத்தீங்களா, கெடைக்காம திரும்பிப் போனீங்களான்னு.”

நம்பர் பட்டியலை அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் கூப்பிட ஆரம்பித்தார். “இல்லையே, எங்களுக்கு நல்லாத்தானே இருந்துச்சு” என்றார்கள். “நாங்க இன்னைக்குக் கம்ப்யூட்டரையே தொறக்கல” என்றார்கள். ஓர் இடத்தில் சாப்பிடப் போய்விட்டார்கள், திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆனைக்கல்லில் கனகவல்லியே எடுத்தாள். “அதான் சரியாயிடுச்சே சார்” என்று சொல்லிவிட்டு வேலையாகப் போய்விட்டாள். ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தார்.

பன்னிரண்டாவது தொப்பிமலை. செபஸ்தியம்மாள் என்ற நர்ஸ் எடுத்தாள்.

“ஆமா சார், வந்தோம். மூணு தடவை பாத்தோம். ஒரு பெரியவர் ரத்தமா வாந்தி எடுத்துக்கிட்டு வந்தாரு. ஏ நெகட்டிவ். உங்க மெஷின் உள்ளயே விடல. கூப்பிடலாம்னா மழையில கூரை ஒழுகி நம்பர் எழுதின தாள் அழிஞ்சு போச்சு. ஆம்புலன்ஸ்ல கீழ அனுப்பிட்டேன். நாலு மணி நேரப் பாதை சார் அது.”

“இப்ப எப்படி இருக்காரு?”

“இன்னும் போய்ச் சேரல. நானும் போனைப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இங்க நான் ஒருத்திதான் சார் இருக்கேன். டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள் வருவாரு. இத்தனை வருஷத்துல கீழேயிருந்து ஒருத்தரும் கூப்பிட்டு என்ன ஆச்சுன்னு கேட்டதில்ல. நீங்கதான் கேட்டிருக்கீங்க. ரொம்ப நன்றி சார்.”

ஞானசிகாமணி எழுந்து நின்றார்.

“நன்றி சொல்லாதீங்கம்மா. அது தானா நிக்கல. நான்தான் நிறுத்தி வச்சேன்.”



“எதுக்கு?” என்றாள் செபஸ்தியம்மாள்.

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. “யாராவது கூப்பிடுவாங்கன்னு” என்றார்.

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அவர் “அம்மா” என்றார். “அம்மா, இருக்கீங்களா?” என்றார். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

எதிரே நூர்நிஷா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“வச்சுட்டாங்க மேடம்” என்றார்.

“இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரி இருக்கு சார்” என்றாள் அவள்.