கிளிகளுக்குச் சொல்லிக் கொடுத்த மைனா

மலையடிவாரக் காட்டாற்றின் கரையில் வஞ்சி என்றொரு மைனா இருந்தது. எதையும் யோசித்து யோசித்துச் செய்யும் மைனா. அதனாலேயே மற்ற பறவைகள் அதைக் கேலி செய்யும்.

அந்த ஆறு இருக்கிறதே, பொல்லாத ஆறு! கீழே வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வந்துவிடும். போன ஐப்பசியில் கரையோர வளைகள் பதினொன்றும் போயின. உள்ளே இருந்த குஞ்சு குட்டிகளும் போயின.

"இந்த வருஷம் அப்படி நடக்கக் கூடாது!" என்றது யானை. அதுதான் காட்டுக்குத் தலைவி. எல்லா மிருகமும் பெரியம்மா என்றே கூப்பிடும். "வெள்ளம் வருதுன்னு முன்கூட்டியே தெரியணும். என்ன வழி?"

"கிளிகள் இருக்கே பெரியம்மா!" என்றது வஞ்சி. "ஆத்தோரமா மலை வரைக்கும் அஞ்சு கிளிகளை வரிசையா உட்கார வைப்போம். மேல இருக்கிற கிளி வெள்ளத்தைப் பார்த்துக் கத்தட்டும். அதைக் கேட்டு அடுத்தது கத்தட்டும். நாலு நொடியில சேதி நம்மகிட்ட வந்துடும்!"

பெரியம்மாவுக்குப் பிடித்துப் போயிற்று. வேலையை வஞ்சியிடமே கொடுத்தது. மேற்பார்வைக்கு மாணிக்கம் என்ற நரியைப் போட்டது. நரி சும்மா இருக்குமா? "அமாவாசைக்குள்ள முடிச்சுக் காட்டறோம் பெரியம்மா!" என்று யாரும் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டது. அமாவாசைக்கு ஒன்பதே நாள்!

வஞ்சி முதலில் வீடு வீடாகப் போய், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டது. மான்கள், "சத்தம் மேட்டுப் புல்வெளி வரைக்கும் எட்டணும்" என்றன. ஆமை, "எனக்குக் காது மந்தம். கிட்ட வந்து கத்தச் சொல்லு" என்றது. கடைசியாக ஆற்றங்கரை மணலில் வளை தோண்டியிருந்த வெள்ளெலி செல்லாயியிடம் போயிற்று. செல்லாயிக்கு அப்போதுதான் ஐந்து குட்டிகள் பிறந்திருந்தன. ஒன்றுக்கும் கண் திறக்கவில்லை.

"செல்லாயி, கிளி கத்தினா உன் வளைக்குள்ள கேட்குமா?"

"நல்லாவே கேட்கும் அக்கா!"

வஞ்சி திருப்தியோடு பறந்து போய்விட்டது. அங்கேதான் கோட்டை விட்டது. அது அப்போது அதற்குத் தெரியவில்லை.

பிறகு மணலில் குச்சியால் ஆற்றை வரைந்தது. எந்த மரத்தில் எந்தக் கிளி என்று புள்ளி வைத்தது. அதன் பிறகு கிளிகளுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தது. கிளிகளைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்யும். சொல்லாததைக் கனவிலும் செய்யாது. கம்ப்யூட்டருக்கு ஆணை எழுதுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதையேதான் சொல்லிப் புலம்புவார்கள்!

மலையோரம் பானைப்பாறை என்று ஒரு பாறை. "பானைப்பாறை முழுகினா, 'ஓடு ஓடு'ன்னு கத்து" என்று மேல் கிளிக்குச் சொல்லிக் கொடுத்தது வஞ்சி. மற்ற நான்குக்கும், "'ஓடு ஓடு'ன்னு காதுல விழுந்தா, நீயும் 'ஓடு ஓடு'ன்னு கத்து" என்றது.

ஆறாம் நாள் கிளிகள் தயார். "ஆச்சு! பெரியம்மாகிட்ட முடிஞ்சதுன்னு சொல்லிடறேன்!" என்று கிளம்பியது நரி.

"இருங்க மாணிக்கம் மாமா! ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துடலாம்" என்றது வஞ்சி.

"சோதிக்கறதா? உனக்கு உன் மேலேயே நம்பிக்கை இல்லையா?" என்று சொல்லிவிட்டு நரி போயே போய்விட்டது.

வஞ்சி விடவில்லை. மேல் கிளியை ஒரு முறை கத்தச் சொன்னது. "ஓடு ஓடு!" இரண்டாவது கிளி கேட்டது. "ஓடு ஓடு!" அதைக் கேட்டு மூன்றாவதும் கத்தியது. அது இரண்டாவது கிளியின் காதிலும் விழுந்தது. காதில் விழுந்தால் கத்த வேண்டும் என்றுதானே பாடம்! அதுவும் மறுபடி கத்தியது. அதைக் கேட்டு மூன்றாவது, அதைக் கேட்டு மறுபடி இரண்டாவது. ஐயோ, அன்றைக்குக் காடு பட்ட பாடு! உச்சிவேளை வரை "ஓடு ஓடு" ஓயவே இல்லை. கடைசியில் வஞ்சி ஒவ்வொரு கிளி வாயிலும் ஒரு கொய்யாப்பழத்தைத் திணித்த பிறகுதான் சத்தம் அடங்கியது.

"மேலேயிருந்து சத்தம் வந்தா மட்டும் கத்து. மூணு தடவை கத்திட்டு நிறுத்து" என்று பாடத்தைத் திருத்தியது வஞ்சி. மறுநாள் கிளிகள் கச்சிதமாகக் கத்தின, கச்சிதமாக நிறுத்தின.

"இப்பவாவது திருப்தியா?" என்றது நரி.

"இல்லை மாமா. இதுவரைக்கும் கிளிகளைத்தான் சோதிச்சோம். ஓட வேண்டியவங்களையும் வெச்சுப் பார்க்கணும்."

நரி தலையில் அடித்துக்கொண்டது. ஆனாலும் எட்டாம் நாள் எல்லோரும் கூடினார்கள். பானைப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையை ஆற்றில் விட்டார்கள். அந்தக் கட்டைதான் வெள்ளம் என்று வைத்துக்கொள்வது. அது வருவதற்குள் எல்லோரும் மேடேற வேண்டும். கிளிகள் கத்தின. மான்கள் பாய்ந்தன. ஆமைகூட மூச்சு வாங்க மேடேறிவிட்டது. கீழே கட்டை மிதந்து போனது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

வஞ்சி மட்டும் கரையைப் பார்த்தது. செல்லாயி வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பாதி வழியில் நின்றது. அது மூன்றாவது குட்டி.

"ஒரு நடைக்கு ஒண்ணுதானே அக்கா தூக்க முடியும்?" என்றது செல்லாயி, குட்டியைக் கீழே வைத்துவிட்டு. "மீதி ரெண்டு உள்ள கிடக்கு. கட்டை போயிடுச்சு. அதுங்களை என்ன பண்ணணும்னு கிளிக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா?"

வஞ்சி அதன் பக்கத்தில் போய் இறங்கியது. "தப்பு என்னுது செல்லாயி! கேட்குமான்னு கேட்டேன். கேட்ட பிறகு நீ எத்தனை நடை நடக்கணும்னு கேட்கவே இல்லையே!"

"ஒரு எலிக்காக எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிக்கணுமா?" என்று பொரிந்தது நரி. "நாளைக்கு அமாவாசை! முடிஞ்சதுன்னு பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன். என் மானம் என்ன ஆகறது?"

பின்னால் நின்ற பெரியம்மா தும்பிக்கையைத் தூக்கியது. "முடிஞ்சதுன்னுதான் சொன்னே மாணிக்கம். இவ இன்னும் ஆத்தோரத்துலதானே நிக்கறா? அமாவாசை போனா அடுத்த அமாவாசை வரும். குட்டி போனா வருமா? வஞ்சி, நீ ஆக வேண்டியதைப் பாரு."

வஞ்சி மறுபடி எல்லா வீட்டுக்கும் போயிற்று. இந்தத் தடவை, "கத்தல் கேட்டதும் என்ன செய்வே? எத்தனை நேரம் ஆகும்?" என்று கேட்டது. பானைப்பாறைக்கும் மேலே, அருவி விழும் இடத்தில் ஆறாவது கிளியை வைத்தது. வெள்ளம் வருவதற்கு முன் அங்கே தண்ணீர் செம்மண்ணாகச் சிவக்கும். "தண்ணி சிவந்தா, 'எடு எடு'ன்னு கத்து" என்று அதற்குப் பாடம். மற்ற கிளிகளுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தது. 'எடு எடு' என்றால் குட்டிகளைத் தூக்க ஆரம்பிக்க வேண்டும். 'ஓடு ஓடு' என்றால் அப்படியே ஓட வேண்டும். இந்தத் தடவை அருவியிலேயே கட்டையை விட்டுச் சோதித்தார்கள். செல்லாயி ஐந்தாவது குட்டியோடு மேட்டில் நின்றபோது கட்டை இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை.

அதற்கு நான்காம் நாள் பகல். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. திடீரென்று, "எடு எடு! எடு எடு! எடு எடு!"

இது சோதனை இல்லை! வஞ்சி மேட்டுப் பாறையில் வந்து உட்கார்ந்தது. செல்லாயி மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்தது. ஒன்று. திரும்பி ஓடியது. இரண்டு. மூன்று. நான்காவதை இறக்கியபோது, "ஓடு ஓடு!" என்று கேட்டது. தூரத்தில் ஆறு உறுமியது. "போ செல்லாயி, நேரம் இருக்கு! இருக்கு!" என்று கத்தியது வஞ்சி. செல்லாயி வளைக்குள் போனது. வெளியே வந்தது. வாயில் ஐந்தாவது!

அது மேடேறி, குட்டியை மற்ற நான்கோடு சேர்த்துப் போட்ட பிறகுதான் வெள்ளம் வந்தது. வளை இருந்த இடமே தெரியவில்லை.

"அப்பாடா!" என்றது வஞ்சி. அதற்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெரியம்மா தும்பிக்கையால் காற்றை ஊதிவிட்டது. மான்கள் ஒன்றை ஒன்று நக்கிக்கொடுத்தன. செல்லாயி ஐந்தையும் திரும்பத் திரும்ப எண்ணியது. எப்படி எண்ணினாலும் ஐந்துதான் வந்தது.

நரி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டது. "அன்னிக்கே முடிஞ்சதுன்னு விட்டிருந்தா, ரெண்டு போயிருக்கும், இல்லே?"

"போயிருக்கும் மாமா."

வஞ்சி சிறகை உதறியது. "வெள்ளத்துல மூணாவது கிளியோட மரம் சாஞ்சுடுச்சு. அடுத்த மழைக்குள்ள வேற மரம் பார்க்கணும். பார்த்துட்டு மறுபடி சோதிக்கணும்."

"வா, நானும் வரேன்" என்று முன்னால் நடந்தது நரி. "இந்தத் தடவை கட்டையை நான் தள்ளிவிடறேன்!"

யாருக்காக ஒரு வேலையைச் செய்கிறோமோ, அவர்களை வைத்துச் சோதித்துப் பார்க்கும் வரை அது முடிந்த வேலை ஆகாது.